நீளம் பார்த்து வாங்கிய குழல்

கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்த முதல் மாதம் எனக்குப் பகலில் நித்திரை வரவேயில்லை. சத்தம் இல்லாததுதான் காரணம் என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் எடுத்தது.

நான் மருதமுனையில் பிறந்தவன். எங்கள் வீட்டில் இரண்டு தறி, பக்கத்து வீட்டில் மூன்று. விடியச் சுபஹுத் தொழுகை முடிந்து தொடங்கினால் பொழுதுபட மஃரிப் வரைக்கும் டக்கடக் டக்கடக் என்று தெருவே அடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்துக்குள்தான் பாடம் படித்தோம், சண்டை பிடித்தோம், வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு குறட்டை விட்டோம். மனைவியின் ஊர் சாய்ந்தமருது. அவர்கள் வீடு இருந்த ஒழுங்கையில் எல்லாரும் வயல்காரர்கள், கடைக்காரர்கள். பகல் இரண்டு மணிக்கு அங்கே ஒரு காகம் கத்தினால் அதுவே பெரிய செய்தி.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். பெண்ணின் பெயருக்கு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் அதே வளவின் பின்பக்கத்தில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்கிவிடுவார்கள். என் வாப்பாவும் அப்படித்தான் வந்தார், என் மாமனாரும் அப்படித்தான் வந்தார். நானும் ஒரு சூட்கேசோடு வந்தேன். கட்டில் அவளுடையது, அலுமாரி அவளுடையது, நான் சாய்ந்துகொண்டு யோசித்த சுவரும் அவளுடையது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஊர் வழமை. ஆனால் இருபத்தேழு வயதில், ஒரு வீட்டில் தொட்டதெல்லாம் அடுத்தவர் பொருளாக இருந்தால் கை எங்கே வைப்பதென்று தெரியாமல் போகும். என் கை தெரியாமல்தான் அலைந்தது. கதிரையை இழுத்துப் போடுவேன், திரும்பவும் தள்ளி வைப்பேன். யன்னலைத் திறப்பேன், சாத்துவேன்.

கல்முனையில் நீர்ப்பாசன அலுவலகம் ஒன்றில் லிகிதராக இருந்தேன். நாலரைக்கு வீடு வந்து அஸர் தொழுதால் அதற்குப் பிறகு வேலை இல்லை. அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்த காலம். மஃரிப் பாங்கோடு தெரு வெறிச்சோடிவிடும். எல்லாரும் அதற்கு முன்னமே வீட்டுக்குள் போய்விடுவார்கள். தேநீர்க் கடைக்காவது போகலாம் என்றால் மாமா பள்ளிவாசல் மரைக்கார். குடும்பங்களின் சார்பில் பள்ளி நிர்வாகத்தில் இருப்பவர். மரைக்காரின் மருமகன் கடை வாங்கில் குந்தியிருக்கிறான் என்ற கதை நான் தேநீர் குடித்து முடிக்கும் முன்னே வீட்டுக்கு வந்துவிடும். அதனால் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் நான் அறைக்குள் நடப்பேன். மனைவி பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் ஒருநாள் சொன்னாள்.

"முட்டையிட இடம் தேடுற கோழி மாதிரி சுத்துறீங்க. ஒரு இடத்துல இருங்களன்."

"இருக்க ஏலா."

"ஏன் ஏலா?"

எனக்கும் தெரியவில்லை. அல்லது தெரிந்திருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. விஷயம் இதுதான். மாமா காலையில் செய்திக்கு ரேடியோவைப் போடுவார். இரண்டு நிமிடம் முந்திப் போட்டுவிட்டால், செய்திக்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் தனியாக வாசிக்கும். அரை நிமிடம்தான். செய்தி வாசிப்பவரின் குரல் வந்ததும் குழலை அறுத்துவிடுவார்கள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே சத்தம் அந்த அரை நிமிடம்தான். அதற்காகவே பல் துலக்கிக்கொண்டு யன்னலடியில் நிற்பேன். அது அறுந்ததும் அன்றைய நாள் முழுக்க எரிச்சலாக இருக்கும். ஒரு குழல் வாங்கி நானே ஊதினால் என்ன என்ற எண்ணம் வந்த பிறகு நித்திரை சுத்தமாகப் போய்விட்டது.

குழல் ஊதுவது மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆளுக்கொரு பதில் வரும் என்று தெரியும். மாமாவின் பதிலும் தெரியும். மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் மடித்துக்கொண்டிருந்த துணியை மடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"ஊதுங்க. ஆனா சத்தம் மட்டும் வெளிய கேக்கப்படா."

வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை என்னைப்போல் சுத்தமாகக் காப்பாற்றியவன் உலகத்தில் இருக்க மாட்டான்.

முதலில் கல்முனைக் கடைத்தெருவில், பந்து, பட்டம், புத்தகப்பை, வாழ்த்து அட்டை எல்லாம் விற்கும் ஒரு கடைக்குப் போனேன். முதலாளிக்கு மாமாவைத் தெரியும். அந்த ஊரில் மாமாவைத் தெரியாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

"குழல் இருக்கா?"

"ஆருக்கு?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. நாக்கு தானாகவே ஒரு பொய்யைச் சொன்னது.

"ஒபிஸ்ல ஒருத்தர்ர சின்னப் புள்ளைக்கு."

அவர் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பீப்பியை எடுத்து வைத்தார். ஓட்டைகள் இருந்தன, ஆனால் அது விசில்தான். வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல், எனக்குத்தான் என்றும் சொல்ல முடியாமல், அந்தப் பீப்பியை வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் யாரோ ஒரு பிள்ளையிடம் கொடுத்தேன். அந்தப் பிள்ளை ஊதிக்கொண்டு ஓடியதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது.

என்னோடு வேலை செய்த ஒருவர் காரைதீவுக்காரர். அம்மன் கோயில் சடங்குத் திருவிழாவுக்குக் கடைகள் வந்திருக்கின்றன, குழல்காரன் ஒருவனும் நிற்கிறான் என்றார். தமிழரும் முஸ்லிம்களும் வெட்டுப்பட்ட அந்த மோசமான வருடங்களுக்குப் பிறகு இரண்டு ஊராரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகத் தொடங்கியதே அப்போதுதான். சடங்குக் கூட்டத்துக்குள் தனியாகப் போக எனக்குத் தயக்கமாக இருந்தது. அவர் தன் சைக்கிளை என் சைக்கிளோடு ஒட்டி ஓட்டிக்கொண்டே வந்தார். சாய்ந்தமருதுக்கும் அவருடைய ஊருக்கும் நடுவில் பத்து நிமிடம்கூட இல்லை. அந்தப் பத்து நிமிடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை.

குழல்காரன் ஒரு வைக்கோல் பொதியில் குழல்களைக் குத்தி வைத்திருந்தான். சாண் அளவில் இருந்து கை நீளம் வரைக்கும் இருந்தன. எதை எடுத்து வாயில் வைத்தாலும் அவனுக்கு அது பாடியது. குழல் வாங்கப் போகிறவர்கள் எல்லாரும் ஏமாறுவது அங்கேதான் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்கு, எது எடுத்தாலும் பாடும் என்றே நினைத்தேன்.

"அண்ணன் புதுசாப் பழகுறீங்களா?" என்று அவன் கேட்டான். காரைதீவு நண்பர் பக்கத்தில் நின்றார். புதிதாகப் பழகுகிறேன் என்று சொல்ல ரோசம் விடவில்லை.

"கொஞ்சம் தெரியும்" என்றேன்.

தெரியும் என்றவனுக்கு அவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் தெரிவு செய்தேன். எப்படி? தறிக்காரன் வீட்டுப் பிள்ளை எப்படித் தெரிவு செய்வானோ அப்படி. எங்கள் வீட்டில் சாறன் வாங்க வருகிறவர்கள் முதலில் விரித்து நீளத்தைத்தான் முழம் போடுவார்கள். ஒரு முழம் கூட இருந்தால் நல்ல சாமான், குறைந்தால் ஏமாற்று. இதைக் கண்டு வளர்ந்த கண் அந்த வைக்கோல் பொதியில் நீளமானதையே தேடியது. கிட்டத்தட்ட என் கை நீளத்தில் ஒன்று, முடிச்சே இல்லாமல் நேராக, எண்ணெய் பூசி மினுங்கிக்கொண்டு நின்றது. இரண்டு முனையிலும் சிவப்பு நூல் சுற்றியிருந்தது. நூலின் இழுப்பைக்கூட நான் விரலால் தட்டிப் பார்த்தேன். இறுக்கமாக, நேர்த்தியாக இருந்தது. அவன் கேட்ட விலை சின்னதைவிட அப்படியொன்றும் கூடவுமில்லை. இதைவிட்டு எவனாவது சின்னதை வாங்குவானா?

நீளமான குழலை வீட்டுக்குள் கொண்டுபோவதே பெரும்பாடாகிவிட்டது. சூட்கேசுக்குள் போகாது, அலுமாரித் தட்டிலும் அடங்காது. கடைசியில் அறை மூலையில் சாத்தியிருந்த புற்பாயைச் சுருட்டி அதற்குள் வைத்தேன். என் உடைமை என்று அந்த வீட்டுக்குள் நான் கொண்டுவந்த முதல் பொருள், பாய்க்குள் ஒளித்து வைக்கப்பட்டது.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டு அறைக் கதவைச் சாத்தினேன். மாமா வயல் வட்டைக்குப் போயிருந்தார். வாயில் வைத்து ஊதினேன்.

காற்று வந்தது. வெறும் காற்று. ஃபூ... ஃபூ... என்று ஒரு இரைச்சல். உதட்டை மேலே வைத்தேன், கீழே வைத்தேன், பக்கத்தில் வைத்தேன். ஃபூ. ஓட்டைகளை மூடினாலாவது வருமா என்று பார்த்தால் விரல் எட்டவில்லை. மேல் ஓட்டையை மூடினால் கீழ் ஓட்டை திறக்கும். சின்ன விரலை இழுத்து நீட்டி, மணிக்கட்டு வலித்து, தலை சுற்றிக் கட்டிலில் உட்கார்ந்தேன். ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம், அதுபோல நானும் குழலில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கலாமா என்று பார்த்தேன். ஆனால் என் கண் முன்னாலேயே அந்த மனிதன் அதைப் பாட வைத்தானே. கோளாறு எனக்குத்தான். அப்படி நினைத்ததும் விடவும் முடியவில்லை. அடுத்த நாளும் ஊதினேன், அதற்கடுத்த நாளும் ஊதினேன். ஃபூ... ஃபூ... ஃபூ. நடுவில் மூச்சு வாங்கி இழுக்கும் சத்தம் வேறு. ஒன்றரை மாதம்!

மாமாவும் மாமியும் தங்கள் சின்ன வீட்டை எங்கள் வீட்டோடு ஒட்டித்தான் கட்டியிருந்தார்கள்; எங்கள் அறையின் பின்சுவருக்கு அந்தப்பக்கம் மாமியின் குசினி. அந்தச் சுவர் கூரை வரைக்கும் போகவில்லை, மேலே ஒரு முழம் திறந்திருந்தது. ஆனால் எனக்குப் பயமே இல்லை. சத்தம் வந்தால்தானே கேட்பதற்கு.

இரண்டாவது வாரம் தேநீருக்குப் பதிலாக மல்லியும் இஞ்சியும் அவித்த தண்ணீர் வந்தது. நல்லதுதானே என்று குடித்தேன். மூன்றாவது வாரம் தயிர் நின்றது. இது சின்ன விஷயமில்லை. புது மாப்பிள்ளைக்கு எருமைத் தயிர் சட்டியோடு வரும். அந்த வீட்டில் எனக்கு மனம் ஒட்டியிருந்தது என்றால் அந்தத் தயிரில்தான். பிறகு வாழைப்பழம் நின்றது, வெள்ளரிக்காய் நின்றது, குளிக்கச் சுடுதண்ணீர் வந்தது. ஒரு வியாழக்கிழமை, குர்ஆன் ஓதி ஊதிய தண்ணீர் ஒரு போத்தலில் வந்து மேசையில் இருந்தது.

மாமி என்னோடு நேரே கதைப்பதில்லை. கோபமில்லை, மரியாதை. மாப்பிள்ளைக்கு முன்னால் மாமியார் வரமாட்டார். திரைச்சீலைக்கு அந்தப்பக்கம் நின்று மகளிடம் கேட்பார், மகள் என்னிடம் கேட்பாள், நான் மகளிடம் சொல்வேன். மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பதுபோலத்தான், ஆனாலும் அப்படித்தான். அதனால் போத்தலைக் காட்டி மனைவியிடம்தான் கேட்டேன்.

"இதென்ன? ஆருக்குச் சுகமில்ல, ஆருக்கு வருத்தம்?"

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். முகத்தைப் பார்க்கச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

"உங்களுக்குத்தான். தொய்வாம், மூச்சு இழுக்குதாம்."

"எனக்கா?"

"உம்மா சுவருக்கு அங்கால இருந்து கேட்டிருக்கா. ஒவ்வொரு நாளும் அஸருக்குப் பிறகு மாப்பிள்ளைக்கு இழுக்குது, பாவம் நமக்குத் தெரியாம கதவச் சாத்திட்டு இழுக்கிறாரு எண்டு. எப்ப இருந்து மகள் எண்டு என்னக் கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஒண்டும் சொல்லல்ல."

"இல்லை எண்டு சொல்லியிருக்கலாமே!"

"இல்ல எண்டா அப்ப அது என்ன சத்தம் எண்டு கேப்பா. குழல் எண்டு சொல்லவா? ஒரு மல்லித் தண்ணியோட போயிடும் எண்டு நினைச்சன்."

எனக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பெரிய கோபம் என் மேலேயே வந்தது, ஏனென்றால் அவள் சொன்னதைக் கேட்டதும் எனக்கும் அதுவே வசதியாகப் பட்டது. குழல்காரன் என்ற பெயரைவிட நோயாளி என்ற பெயர் பரவாயில்லை என்று நினைத்து, அந்தத் தண்ணீரையும் குடித்துவிட்டு, மறுநாளும் கதவைச் சாத்திக்கொண்டு இழுத்தேன். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் போனவன் சும்மாவா இருப்பான், இன்னும் கொஞ்சம் சோறு போடத்தான் பார்ப்பான்.

கலியாணம் பேசும்போது மறைத்த நோய் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பேச்சல்ல. வீட்டை எழுதிக் கொடுத்து மாப்பிள்ளை எடுக்கிறவர்கள், மாப்பிள்ளையின் பல்லைத் தவிர மற்றதெல்லாம் விசாரித்துத்தான் எடுப்பார்கள். மாமி கெட்ட மனம் உள்ளவர் அல்ல. மருதமுனைக்குத் துணி எடுக்கப் போன ஒரு சொந்தக்காரியிடம், போகிற வழியில் சம்மந்தியிடம் பதமாகக் கேட்டு வரும்படி சொல்லிவிட்டார். எந்தப் பரிசாரியிடம் காட்டினீர்கள், என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று. அவ்வளவுதான். ஆனால் என் உம்மாவின் காதில் அது, உன் வருத்தக்காரப் பிள்ளையை எங்கள் தலையில் கட்டிவிட்டாய் என்றுதான் விழுந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நானும் மாமாவும் வீட்டுக்குள் கால் வைக்கும்போது உம்மா விறாந்தையில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. குடையைக்கூடக் கீழே வைக்கவில்லை. முகம் இரண்டு நாள் அழுத முகம்.

"என்ட மகனுக்கு என்ன வருத்தம் எண்டு இந்த ஊட்டுல நிண்டு கேட்டுட்டுப் போகத்தான் வந்தன்."

திரைக்குப் பின்னால் இருந்து மாமி பதில் சொன்னார்.

"கோவிக்காதீங்க மச்சி. மறைச்சுத் தந்தீங்க எண்டு நாங்க ஒரு சொல்லுச் சொல்லல்ல. முன்னுக்கே சொல்லியிருந்தா நல்ல மருந்தாப் பாத்திருப்பம் எண்டுதான்."

"மறைக்க என்ன இருக்கு? பத்து நாள் காய்ச்சல்லயும் அவன் இழுக்கல்ல. ஒரு தடிமன்கூட நிண்டு பிடிச்சதில்ல. நான் பொய் சொல்லியா புள்ள குடுத்தன்?"

"நாங்க காதால கேட்டம் மச்சி."

உம்மா என் பக்கம் திரும்பினார். குரல் உடைந்துவிட்டது. "மனே, நீயே சொல்லு. எனக்குத் தெரியாம உனக்கு எப்ப இருந்து தொய்வு?"

மாமா கதிரையில் இருந்தார், தொப்பியைக் கழற்றவில்லை. மனைவி வாசற்படியில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் எனக்கு, ஆமாம் கொஞ்சம் இருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. உம்மா இன்னும் குடையைக் கீழே வைக்காமல் நிற்பதைப் பார்த்த பிறகுதான் அந்த எண்ணம் செத்தது. அறைக்குள் போய்ப் பாயைத் தூக்கி வந்து நடு விறாந்தையில் விரித்தேன். குழல் உருண்டு போய் மாமாவின் காலடியில் நின்றது.

"இதுதான் என்ட வருத்தம்" என்றேன்.

முதலில் வாயைத் திறந்தது உம்மாதான்.

"இதுக்கா நான் ரெண்டு நாள் சோறு தின்னாமக் கிடந்த?" என்று குடையை ஓங்கிக்கொண்டு வந்தவர், சம்மந்தி வீட்டில் நிற்கிறோம் என்று நினைவு வந்து இறக்கிக்கொண்டார்.

மாமா குழலைத் தொடவில்லை. காலை மட்டும் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். அவர் சத்தம் போட்டுக் கதைக்கிறவர் அல்ல.

"மரைக்கார் ஊட்டுல குழல் ஊதுறாங்க எண்டு நாளைக்குப் பள்ளில கதை வரும். இந்த ஊட்டுல இது வேணாம்."

முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் ஒரு ஆறுதல்கூட வந்தது. அப்போது வாசற்படியில் இருந்து அவள் சொன்னாள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

"ஊடு என்ட பேரில வாப்பா."

மாமாவுக்கு அது தெரியாததல்ல, சாட்சிக் கையெழுத்து வைத்தவரே அவர்தான். ஆனால் அதை மகள் வாயால் கேட்டதில்லை. அவர் அவளைப் பார்த்தார், பிறகு திரைச்சீலையைப் பார்த்தார். அதற்கு முன்னால் அந்த வளவு மாமியின் பெயரில் இருந்தது. அவரும் ஒரு நாள் பெட்டியோடு வந்தவர்தான். எழும்பி, "வட்டைக்குப் போயிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைப் பகலில் வட்டையில் ஒரு வேலையும் இல்லை.

அவர் படலையைத் தாண்டியதும் திரைச்சீலை விலகியது. மாமி வெளியே வந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு குனிந்து குழலை எடுத்தார். ஒரு முனையைக் கண்ணில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். பிறகு என்னிடம், நேரே என்னிடம், முதன்முதலாகக் கதைத்தார்.

"இதென்ன மருமகன் இவ்வளவு நீளம்?"

நான் தரையில் கிடந்த பாயைச் சுருட்டத் தொடங்கினேன்.

"அடுப்பூதுறதுக்கே நான் ரெண்டு குழல் வைச்சிருக்கன். நீளத்த நான் ஊதுவன். மகள் பழகினது கட்டையில. புதுசா ஊதுற ஆளுக்கு நீளத்தக் குடுத்தா மூச்சு நடுவழியில செத்துப் போகும், நெருப்பு எப்பிடிப் பத்தும்? கட்டையா ஒண்டு எடுங்க."

உம்மா சிரித்துவிட்டார். அழுதுகொண்டே சிரித்தார். போகும்போது அந்த நீளக் குழலையும் எடுத்துக்கொண்டார். "இதுல நூலாச்சும் சுத்தலாம்" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டோடு தயிர் வந்தது.

மறுவாரம் கல்முனையில் அதே கடைக்குப் போனேன்.

"குழல் இருக்கா?"

"திரும்பவும் சின்னப் புள்ளைக்கா?"

"இல்ல. எனக்குத்தான்."

முதலாளி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மேசை லாச்சியை இழுத்து, பழைய பத்திரிகையில் சுற்றிய ஒரு பொதியை எடுத்து அவிழ்த்தார். ஐந்தாறு மூங்கில் குழல்கள். "எப்பவோ கொழும்பில இருந்து எடுத்தது. ஒருத்தரும் கேக்கல்ல. அண்டைக்கே உங்களுக்கு எண்டு சொல்லியிருந்தா இதக் காட்டியிருப்பனே" என்றார். அவருக்கும் ஊதத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதனால் விரலை வைத்துத்தான் பார்த்தேன். ஒவ்வொன்றாக எடுத்து விரல்களை இழுக்காமல் வைத்தேன். ஒன்றில் மட்டும் எல்லா விரலும் தானாகவே போய் ஓட்டையில் உட்கார்ந்தது. ஒன்றரைச் சாண் இருக்கும். நிறமும் மங்கல், நூலும் இல்லை. அதை வாங்கும்போதும் தறிக்காரன் மனது, துணி குறைகிறது குறைகிறது என்று அடித்துக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஊதினேன். ஃபூ. விரல் சரியாக இருந்தது, ஓட்டை சரியாக மூடியது, சத்தம் மட்டும் இல்லை. ஃபூ... ஃபூ. ஊரெல்லாம் தெரிந்த பிறகும் இதுதானா என்று எனக்கு அழுகையே வந்தது. மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"தாங்க பாப்பம்."

வாங்கி, உதட்டைக் குவித்து, அணைந்துபோன தணலை எழுப்புகிற மாதிரி மெல்ல ஊதினாள்.

சத்தம் வந்தது. ஒரே ஒரு சத்தம், நேராக, நடுங்காமல், அறை முழுக்க. மூச்சு முடியும் வரைக்கும் நின்றது. சுவருக்கு அந்தப்பக்கம் தேங்காய் துருவிய சத்தம் நின்றுபோனது.

"மகள், அது ஆரு ஊதின?" என்று மாமி கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். குழலை என் கையில் வைத்தாள்.

"அவருதான் உம்மா."

"அல்ஹம்துலில்லாஹ். மாப்பிள்ளைக்கு மூச்சுத் திறந்திட்டு" என்றது சுவர்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. முன்பு அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு நான் கோபப்பட்டேனே, அதே ஒன்றும் சொல்லாமைதான்.

அந்தச் சத்தம் எனக்கு வர இன்னும் மூன்று வாரம் பிடித்தது. மூன்று வாரமும் அஸருக்குப் பிறகு அவள் குசினியில் இருந்து வந்து, சுவருக்கு அங்கால் கேட்கட்டும் என்று ஒரு தரம் ஊதிவிட்டுப் போவாள். ஒரு தரம் இரண்டு தரமானது. ஒருநாள் விரலை ஒவ்வொன்றாக எடுத்து எடுத்துப் பார்த்தாள், சத்தம் படியில் ஏறுவதுபோல ஏறியது. அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. அடுப்பில் ஏதோ கருகும் மணம் வந்தும் அவள் அசையவில்லை. அதைக் கண்டு எனக்குச் சந்தோசம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, அவசரம்தான் வந்தது. குழலைக் கேட்டுக் கை நீட்டினேன்.

கடைசியில் ஒரு மாலை எனக்கும் வந்தது. கரகரத்து, உடைந்து, ஆனால் சத்தம்தான். நான் கத்திக் கூப்பிட்டேன். அவள் வந்து நின்று முழுவதும் கேட்டாள்.

"இனி உங்களுக்கு நான் தேவையில்ல" என்று சிரித்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

சிரிப்புத்தானே என்று நான் நினைத்தேன். எத்தனையோ வருடமாக ஊதுகிறேன், இப்போது ஓரளவுக்கு வாசிக்கவும் வரும். அன்றைக்குப் பிறகு அவள் அந்தக் குழலைத் தொடவில்லை. நீயும் ஊதேன் என்று நான் ஒருநாளும் கேட்கவுமில்லை. இப்போதும் அஸருக்குப் பிறகு என்னால் ஒரு இடத்தில் இருக்க முடிவதில்லை. ஏன் என்று அவள் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டாள்.